சுருளின் கடைசி ஆறு கெஜம்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஆண்டவருடைய இரண்டாம் வருகை இன்ன மாதம் இன்ன தேதி என்று சிவப்பு எழுத்து. பின்னால் மேகமும் மின்னலுமாக ஒரு படம். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாதவர்கள் கைவிடப்படுவார்கள் என்று அடியில் ஒரு மிரட்டல். அனுப்பியவன் என் தங்கை மகன். நல்ல பையன்தான், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலைத் தேடினேன். ஒரு தேதியைப் பார்த்தால் சரிபார்க்காமல் விட என்னால் முடியாது, அது ஒரு வியாதி. ஆனால் எதை வைத்துச் சரிபார்ப்பது? எந்த வசனத்திலிருந்து கூட்டினார்கள், எந்த ராஜாவின் எத்தனையாம் வருஷத்தில் தொடங்கினார்கள், ஒன்றும் இல்லை. விடை இருக்கிறது, வழிமுறை இல்லை. எங்கள் பழைய சபையில் யாராவது இப்படி ஒரு தேதியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தி, நோட்டை எடு என்றிருப்பார்கள்.

அன்று மத்தியானம் முழங்காலுக்குக் கட்டப் பேண்டேஜ் துணி வேண்டியிருந்தது. ஊரே பேண்டேஜ் நெய்கிற ராஜபாளையத்துக்காரன் அதை மருந்துக் கடையில் வாங்குவது பெருங்கேவலம் என்று நான் இன்னும் நினைக்கிறேன். தெரிந்தவர் ஒருவருடைய தறிக்கூடத்துக்குப் போய் இரண்டு கெஜம் கிழித்துத் தரச் சொன்னேன். கஞ்சியும் பிளீச்சிங் பவுடரும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் காலையில் வந்த செய்தியும் அதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஊரின் கிழக்கோரத்தில் தகரக் கூரை போட்டிருந்த எங்கள் கோவிலில், பெஞ்சுகளின் மேல் நீளமாக விரித்துப் போட்ட ஒரு துணியின் பக்கத்தில் நின்றேன்.

அதை நாங்கள் சுருள் என்போம். பதினெட்டுக் கெஜம் பேண்டேஜ் துணியில், உலகம் தோன்றியது முதல் கிறிஸ்து மகிமையோடு திரும்பி வருவது வரையிலான காலத்தை வரிசையாக வரைந்து, இரண்டு பக்கமும் மூங்கில் கழியில் சுற்றி வைத்த படம். பிரசங்கம் நடக்க நடக்க இரண்டு பேர் நின்று ஒரு கழியில் சுற்றி மறு கழியில் விடுவார்கள். நாலைந்து ஊர்களின் சபைகள் கூடுகிற மூன்று நாள் கூட்டத்துக்காக அதைச் செய்தோம். எந்த வருஷம் என்று இங்கே எழுதப் போவதில்லை. வருஷத்தை எழுதி நான் பட்டது போதும். நான் மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாற்பது குடும்பம் இருக்கும் எங்கள் சபையில். தறி ஓட்டுகிறவர்கள், மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு பேர். மம்சாபுரத்திலிருந்து சைக்கிளிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸிலும் வருகிறவர்கள் கொஞ்சம். இவர்கள் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நின்றால் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கண்டு, தானியேல் விளக்கிச் சொன்ன சொப்பனம்தான் பேச்சு. பொன் தலையும் வெள்ளி மார்பும் இரும்புக் காலும் களிமண் கலந்த பாதமுமாக ஒரு சிலை. பாதத்தின் பத்து விரல்கள் எந்தெந்த தேசங்கள் என்பதில் இரண்டு தறிக்காரர்கள் ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஆண்டவர் சபையை முதலில் ரகசியமாக எடுத்துக்கொண்டு பிறகு எல்லோரும் காண வருவாரா, அல்லது ஒரே வருகையா என்று ஒரு வழக்கு. ஆயிரம் வருஷ அரசாட்சி வருகைக்கு முன்னா பின்னா என்று இன்னொரு வழக்கு. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள், நெகேமியா எந்த ராஜாவுக்குப் பானம் பரிமாறினான் என்பதை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன் என்பதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

ஊருக்கென்று தனியாகவும் ஒரு சிக்கல் இருந்தது. மின்னல் கிழக்கிலிருந்து மேற்கு வரை பிரகாசிப்பதுபோல வருவார் என்பது வசனம். அதனால்தான் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரையும் கால் கிழக்கே இருக்கும்படி புதைத்தார்கள், எழுந்திருக்கும்போது முகத்துக்கு நேரே அவர் நிற்பார் என்று. ஆனால் மேகங்களின் மேல் வருவார் என்றும் இருக்கிறது. ராஜபாளையத்தில் ஆனி, ஆடியில் மேகம் மேற்கே மலையிலிருந்துதான் இறங்கும். அப்படியென்றால் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது? கடைசியில் ஐப்பசி மழைக்கு மேகம் கிழக்கிலிருந்து வரும் என்று ஒருவர் சொன்ன பிறகுதான் பாதிப் பேருக்கு நிம்மதியாயிற்று. கடைசி எக்காளம் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் மில்லின் சங்குதான் காதில் கேட்கும். காலை ஷிப்டுக்கு அது ஊதினால் கல்லறையில் இருக்கிறவர்களும் எழுந்துவிடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

சுருளை வரைந்தவர் மம்சாபுரம் தங்கையா. ஸ்ரீவில்லிபுத்தூர் சினிமாக் கொட்டகைக்குப் பேனர் எழுதுகிறவர். பேண்டேஜ் துணியில் பெயிண்ட் நிற்காது, மறுபக்கம் ஒழுகிவிடும். அதற்காக அரிசிக் கஞ்சியில் சுண்ணாம்புத் தூளைக் குழைத்து இரண்டு கை பூசி, காய்ந்த பிறகு வரைவார். நேபுகாத்நேச்சாரின் சிலைக்கு அவர் வைத்த முகம் அப்போது ஓடிக்கொண்டிருந்த படத்தின் கதாநாயகன் முகம், மீசை உட்பட. தானியேல் புத்தகத்தில் வருகிற பத்துக் கொம்பு மிருகத்துக்கு வத்திராயிருப்புச் சந்தையில் பார்த்த மாட்டின் கொம்பு. தங்கையாவைக் குறை சொன்னால், "நீங்க அந்த மிருகத்தப் பாத்திருக்கீகளா? நான் மாட்டப் பாத்திருக்கேன்" என்பார். கடைசி ஆறு கெஜத்தில் மட்டும் கஞ்சி பூசாமல் வெறும் துணியாக விட்டிருந்தார். வருகையையும் அதற்குப் பிறகு வருவதையும் எப்படி வரைவது என்பதில் சபையில் ஒற்றுமை இல்லை. ரகசிய வருகைக்காரர்கள் ஒன்று சொன்னார்கள், ஆயிரம் வருஷக்காரர்கள் ஒன்று சொன்னார்கள். "நீங்க முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, அதுவரைக்கும் வெள்ளையா இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.

அந்த வெள்ளையில்தான் நான் கையை வைத்தேன்.

காலக் கணக்கு என் பொறுப்பு. டைம் ஆபீஸ்காரன், மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதுகிறவன், எட்டாம் வகுப்பிலிருந்து டைரி எழுதுகிறவன், வேறு யாரிடம் கொடுப்பார்கள்? நேபுகாத்நேச்சார் கண்ட மரத்தைப் பற்றிய சொப்பனத்தில் ஏழு காலங்கள் வருகின்றன. ஒரு காலத்துக்கு முந்நூற்று அறுபது நாள், ஆக இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது நாள். நாளுக்கு ஒரு வருஷம் என்பது பழைய விளக்கக்காரர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட வழி. எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் வித்தியாசம். மற்றவர்கள் எருசலேம் விழுந்ததிலிருந்து எண்ணுவார்கள். நான் பாபிலோன் விழுந்ததிலிருந்து எண்ணினேன். பாபிலோன் விழுந்தது நம் ஐப்பசியில். கூட்டிப் பார்த்தால் விடை, அப்போதிருந்து இரண்டு வருஷமும் சில மாதமும் கழித்து வருகிற ஐப்பசியில் வந்து நின்றது. மேகம் கிழக்கிலிருந்து வருகிற மாதம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

எங்கள் சபையை நடத்திய உபதேசியார் சாதுவான மனிதர். அந்த நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர ஒருவரும் அறியார் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே தம்பி என்று மெதுவாகக் கேட்டார். என்னிடம் பதில் தயாராக இருந்தது. நாளும் நாழிகையும்தான் தெரியாது என்றார், மாதத்தையும் வருஷத்தையும் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே ஐயா. இதைச் சொல்லிவிட்டு நான் எவ்வளவு பெருமையாக நின்றேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

மில்லில் என் மேலதிகாரி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பெருமாள் பக்தர். நோட்டை ஒளித்து வைத்து நான் கணக்குப் போடுவதைக் கண்டுபிடித்துவிட்டார். "ஏமப்பா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க தேரு ஆடிப்பூரத்துக்கு இழுத்தா நிலைக்கு வந்துருது. உங்க சாமி இன்னும் தேதியே சொல்லலையா?" என்று கேலி செய்தார். தேதி தயார் சார் என்றேன். சிரித்துவிட்டு, அப்போ அந்த மாசம் லீவு கேட்டு இப்பவே எழுதிக் கொடுத்திரு என்றார்.

கேலி செய்தவர்களோடு போயிருந்தால் நல்லது. நம்பியவர் ஒருவர் இருந்தார். ஹவில்தார் ஞானமுத்து. பதினெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். பேப்பரில் எந்த தேசத்தில் டாங்கி நகர்ந்தாலும் வெட்டி எடுத்து வேதப் புத்தகத்துக்குள் வைப்பார். அவருடைய மகள் ஜெயராணிக்கு அப்போது இருபத்தொரு வயது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நல்ல மார்க். மேலே படிக்க வைக்க ஆளில்லாமல் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். சுருளுக்குத் துணி வந்ததே அவள் மூலமாகத்தான். நர்ஸ் படிப்புக்கு மூன்று வருஷமாக எழுதிப் போட்டு, அந்த வைகாசியில் மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. மூன்று வருஷப் படிப்பு. எங்கள் கூட்டம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

ஹவில்தார் கடிதத்தைப் படித்தார், என் கணக்கையும் நினைத்துப் பார்த்தார். படிப்பு மூன்று வருஷம், வருகை இரண்டு வருஷம் நான்கு மாதத்தில். முடிக்க முடியாத படிப்புக்கு எதற்குப் போவது, வீட்டில் இருந்து ஜெபம் பண்ணி ஆயத்தப்படட்டும் என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. மகளை ஆண்டவர் வருகிற நேரத்தில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட தகப்பன், அவ்வளவுதான். அது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் ஜெயராணி சொல்லி.

கூட்டம் தொடங்குகிற வாரத்துத் திங்கட்கிழமை, மூன்றரை மணிச் சங்கு ஊதி நான் வெளியே வருகிறேன், மில் கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் நிற்கிறாள். விஷயத்தைச் சொன்னாள். அழவில்லை.

"அண்ணே, அந்த நோட்ட எனக்கு ரெண்டு நாள் தருவீகளா?"

"நோட்டு எதுக்கு?"

"எங்கப்பா என் படிப்ப அதுல இருந்துதான வெட்டி விட்டிருக்காக. நானும் ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

கொடுத்தேன். உண்மையைச் சொல்வதானால், பெண்பிள்ளைக்கு இது எங்கே புரியப் போகிறது என்றுதான் கொடுத்தேன். புதன்கிழமை அதே மரத்தடி, அதே நேரம். நோட்டை ஒரு பழைய பேப்பரில் அட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"கிறிஸ்துவுக்கு முன் ஒண்ணாம் வருஷம் முடிஞ்சா, அடுத்த வருஷம் எதுண்ணே?"

"கிறிஸ்துவுக்குப் பின் ஒண்ணு."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணுமில்ல."

"நீங்க ஒண்ணு வச்சிருக்கீகளே" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். இதை வாசகருக்கு எளிதாகச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் வருஷத்து ஐப்பசியிலிருந்து கிறிஸ்துவுக்குப் பின் ஐந்தாம் வருஷத்து ஐப்பசி வரை எத்தனை வருஷம்? ஐந்தும் ஐந்தும் பத்து என்று கை தானாகப் போடும். விரல் விட்டு எண்ணினால் ஒன்பதுதான். நடுவில் பூஜ்யமாம் ஆண்டு என்று ஒன்று கிடையாது. இல்லாத ஒரு வருஷத்தை நான் உள்ளே வைத்து எண்ணியிருக்கிறேன். மாதம் பிறந்தால் மஸ்டர் ரோலில் ஒன்றாம் தேதிக் கட்டம்தான் முதல் கட்டம். முப்பத்தொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே பூஜ்யமாம் தேதி என்று எந்தத் தொழிலாளிக்கும் நான் வருகை போட்டதில்லை. தினமும் அந்த ரோலை எழுதுகிறவன், உலக முடிவுக்குப் போடும்போது கோட்டை விட்டிருக்கிறேன்.

வெட்கப்பட எனக்கு ஒரு நிமிஷம்தான் ஆனது. அடுத்த நிமிஷம் துள்ளினேன். இல்லாத வருஷத்துக்கு ஈடாகக் கடைசியில் ஒன்று கூட்ட வேண்டும், வருகை ஒரு வருஷம் தள்ளிப் போகிறது! அப்படியென்றால் மூன்று வருஷம் நாலு மாதம். படிப்பு முடிந்து நாலு மாதம் மிச்சம் இருக்கிறது. இதை நானே உங்கப்பாவிடம் சொல்கிறேன், அவர் தட்ட முடியாது என்றேன்.

அவள் சந்தோஷப்படவில்லை. "அந்த ஒரு வருஷம் எனக்கு வேண்டாம்ணே. இதுல ஒரு தப்பு இருந்தா இன்னொண்ணு இருக்காதா? நான் அங்கன போனபொறவு வேற யாராச்சும் ஒரு வருஷத்தக் குறைச்சிட்டா, பாதியில விட்டுட்டு வான்னு எங்கப்பா வந்து நிப்பாக. பொறவு நான் என்ன செய்ய?"

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் அந்த மரத்தடியில் செத்த நேரம் நின்றேன். மூன்று மாதம் உட்கார்ந்து, எட்டு விளக்கப் புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்துப் போட்ட கணக்கு. அதில் பெருமை இல்லை என்று சொன்னால் பொய். ஒரு வருஷத்தை மட்டும் திருத்திக்கொண்டால் என் பெயரும் நிற்கும், அவளும் போய்விடுவாள். யாருக்கும் நஷ்டமில்லை. இப்படி யோசித்துக்கொண்டேதான் வீட்டுக்கு நடந்தேன்.

வியாழக்கிழமை பிற்பகல் கோவிலில் சுருளை விரித்திருந்தோம். மறுநாள் கூட்டம். உபதேசியார், ஹவில்தார், தங்கையா, நான். பெண்கள் நாலைந்து பேர் கோவிலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், அவர்களில் ஜெயராணியும் ஒருத்தி. தங்கையா கடைசி வெள்ளைத் துணியில் கரித்துண்டால் என் தேதியைக் கொட்டை எழுத்தில் கோடு போட்டு வைத்துவிட்டு, எழுத்துக்குள் மட்டும் பூசக் கஞ்சியும் சுண்ணாம்பும் குழைத்து வைத்து, சிவப்பு எனாமல் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அவர் கூரைத் தகரத்துக்கு எழுதுகிற அளவில் எழுதியிருந்தார். வாசலில் நின்றாலே தெரியும்.

நான் என் தவறைச் சொன்னேன். கண்டுபிடித்தது யார் என்றும் சொன்னேன். ஹவில்தார் மகளைத் திரும்பிப் பார்த்தார், பிறகு விரல் விட்டு எண்ணினார். "அப்ப மூணு வருஷம் நாலு மாசம்" என்றார். குரலில் ஒரு இளக்கம் தெரிந்தது. தங்கையா, "கரிதான், ஊதினாப் போயிரும். புது வருஷத்தச் சொல்லுங்க" என்று துணியைத் தட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். ஜெயராணி மட்டும் பார்க்கவில்லை, விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். எனக்கு வாய் வரை வந்தது அந்தப் புது வருஷம். அதைச் சொன்னால் அவள் திங்கட்கிழமை பஸ் ஏறிவிடுவாள். ஆனால் அவள் வேண்டாம் என்று சொன்ன வருஷம் அது.

"எழுத வேண்டாம்ணே. ஒரு தேதியும் எழுத வேண்டாம். எனக்குத் தெரியாது" என்றேன்.

உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார், ஸ்தோத்திரம் சொன்னாரோ என்னவோ. ஆனால் ஹவில்தாரின் முகம் மறுபடி இறுகிவிட்டது. தேதி தெரியாது என்றால் ஆண்டவர் நாளைக்கே வரலாமே, இன்னும் மோசமல்லவா, அப்போது இவள் மதுரைக்குப் போய் என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஜெயராணி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அப்பா, நீங்க வடக்க எல்லையில சென்ட்ரி நின்னீகள்ல. ஆபீசர் இன்ன நேரத்துக்கு ரவுண்டு வருவேன்னு சொல்லிட்டா வருவாரு?"

"எவன் சொல்லுவான்? சொல்லாமத்தான் வருவான்."

"எப்ப வருவாருன்னு தெரியலையேன்னு துப்பாக்கியக் கீழ வச்சிட்டு, ரோட்டப் பாத்துட்டு உக்காந்திருந்தீகளா?"

தகரத்தில் வெயிலுக்குப் படபடவென்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஹவில்தார் சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார், பரேடுக்கு நிற்கிறவர் போல.

"டூட்டியிலதாம்ட்டி நின்னேன்" என்றார்.

பிறகு, கடிதத்தில் என்னென்ன கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டார். அவளுக்கு மனப்பாடம். இரண்டு வெள்ளைப் புடவை, ஒரு தகரப் பெட்டி, கறுப்பு ஷூ, ஒரு கத்திரிக்கோல், கட்டுப் போட்டுப் பழக ஆறு கெஜம் பேண்டேஜ் துணி. ஹவில்தார் பெஞ்சின் மேல் கிடந்த சுருளைப் பார்த்தார். கஞ்சி பூசாத வெள்ளைத் துணி, நடுவில் கரியில் என் தேதி.

"தங்கையா, கத்திரி இருக்கா?"

தங்கையாவிடம் எப்போதும் இருக்கும். வெட்டும்போது, "ஆறு கெஜம் அளக்கவே வேண்டாம், ஆண்டவரே அளந்து விட்டிருக்காரு" என்றார். பெரிய விஷயம்தான், ஆனால் அவர் அதைப் பேனர் துணி வெட்டுகிற முகத்தோடு சொன்னார்.

மறுநாள் கூட்டத்தில் நாலு ஊர்க்காரர்கள் முன்னால் எழுந்து நின்று என் தவறை நானே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. இதுதான் எனக்குப் பெருமை. தேதி தவறிய பிறகு வெட்கத்தில் சபையே சிதறிப்போன ஊர்களைப் பற்றிப் பின்னாளில் நிறையப் படித்தேன். எங்கள் சபை தேதி வருவதற்கு முன்பே திருத்திக்கொண்டது, அதுவும் துணி சுற்றுகிற ஒரு பெண்ணின் கையால். உபதேசியார் எஜமான் வரும்போது வேலையில் காணப்படுகிற ஊழியக்காரனைப் பற்றிப் பேசினார். சுருள் ஓடி ஓடி, நாம் வாழ்கிற காலம் என்று சொல்லப்படும் ஏழாம் சபையின் காலத்தோடு நின்று, ஓரம் வெட்டிய நூல் தொங்க மூங்கிலில் முடிந்தது. அதற்குப் பிறகு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் இரண்டு தறிக்காரர்கள் வந்து, அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுங்கள், மற்ற கூட்டலையும் பார்த்துவிடலாம் என்றார்கள். அவர்கள் இன்னொரு தவறும் கண்டுபிடித்தார்கள். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

டைரியில் இரண்டு நாட்களையும் குறித்து வைத்திருக்கிறேன். தவறான கணக்கின்படி வந்த ஐப்பசி நாளன்று: "காலை மழை. மில் முழு ஷிப்ட். ஜெயராணியிடமிருந்து உபதேசியாருக்குக் கடிதம், முதல் பிரசவம் தானே பார்த்ததாக. பெண் குழந்தை." திருத்திய கணக்கின்படி மறு வருஷம் அதே நாளில்: "மேகமூட்டம், மழை இல்லை. ஜெயராணி வத்திராயிருப்பு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து பதினோராம் நாள். பகல் டூட்டி. ஹவில்தார் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்." அவர் என்ன பார்த்தார் என்று கேட்டேன். "டூட்டியில இருக்கா, பேசக்கூட நேரமில்ல அவளுக்கு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மம்சாபுரத்திலும் வத்திராயிருப்பிலும் அவள் கையில் பிறந்த பிள்ளைகளில் சிலர் இப்போது பேரன் எடுத்துவிட்டார்கள். எத்தனை பேர் என்று நான் கேட்டதில்லை, ஒரு கணக்கையாவது விட்டு வைப்போம் என்று.

இப்போது ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் செய்து, தங்கை மகன் அனுப்பிய செய்தியைப் பற்றிச் சொன்னேன். "சைபர் வருஷத்தப் பாத்தாகளாமா?" என்று கேட்டாள். வழிமுறையே இல்லை என்றேன். "அப்ப அதுல தப்புக் கண்டுபிடிக்கவும் வழியில்லையேண்ணே" என்றாள். அவளுக்கு அதில் நிஜமாகவே வருத்தம்.

தகரக் கூரை போய்விட்டது, அந்த இடத்தில் குளிர்சாதனம் வைத்த பெரிய ஆலயம், படம் காட்டத் திரை. சுருளைப் பெட்டியில் வைத்திருந்தோம், கஞ்சிக்கு ஆசைப்பட்ட கரையான் ஆதியாகமத்திலிருந்து தொடங்கி வரிசையாகத் தின்றது. தங்கையா போய்விட்டார், பேனர் எழுதுகிற தொழிலும் போயிற்று. மில் சங்கு நின்று எத்தனையோ வருஷம். ஹவில்தார் கிழக்கே கால் நீட்டிப் படுத்திருக்கிறார். அவருடைய கல்லறைக்கு நேரே காடாகக் கிடந்த இடத்தில் மூன்று மாடிக் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. எல்லாக் கண்களும் காணும் என்றுதான் எழுதியிருக்கிறது, மண்டபத்தைத் தாண்டியும் அவர் காண்பார்.

அந்த ஆறு கெஜத்தைப் பற்றி அன்று போனில்தான் முதல்முறையாகக் கேட்டேன். மூன்று தடவை சோப்புப் போட்டு அலசியும் கரிக்கோடு முழுக்கப் போகவில்லையாம். அதைச் சுற்றிச் சுற்றித்தான் தலைக்கட்டு, முழங்கைக்கட்டு எல்லாம் பழகினாளாம். படிப்பு முடிந்தும் கடைசிச் சுற்று ஒன்று பெட்டியில் கிடந்திருக்கிறது. வத்திராயிருப்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தென்னையிலிருந்து விழுந்த ஒரு மரமேறியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் துணி தீர்ந்துபோன நேரம். பெட்டியைத் திறந்து அதை எடுத்துக் கணுக்காலுக்குக் கட்டினாளாம். வருஷத்தின் கடைசி இலக்கம் மங்கலாகக் குதிகாலுக்கு மேலே தெரிந்ததாம்.

"ஒரு மாசம் கழிச்சு நடந்து வந்தாரு. துணிய எங்கன்னு கேட்டேன். எப்பவோ அவுத்து எறிஞ்சிட்டேன் தாயின்னாரு" என்றாள்.